பத்துக்குச் சொல் இல்லாத பாஷை

ஊரோடு பேச பாஷை உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள். கடவுளோடு பேச உண்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மைத்துனனோடு பேசுவதற்காக ஒரு பாஷையை உண்டாக்கியவர், எனக்குத் தெரிந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் நின்று கிரேனுக்குக் கைகாட்டும் சிக்னல் அண்ணன் ஒருவர்தான்.

அந்தப் பாஷையில் மொத்தம் ஒன்பது சொற்கள். ஒன்பதும் எண்கள். வினைச்சொல் கிடையாது, வேற்றுமை உருபு கிடையாது, 'சாப்பிட்டாயா' என்று கேட்க வழி கிடையாது. ஆனாலும் அந்த ஒன்பதையும் வைத்துக்கொண்டு அவர் மைத்துனனைக் கேலி செய்தார், தங்கையின் சுகம் விசாரித்தார், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு திருட்டுக்கு மன்னிப்பும் கேட்டார். பல்லாயிரம் சொற்கள் தெரிந்த நான் இதில் பாதியைக்கூடச் செய்ததில்லை.

நான் அப்போது ஒரு சரக்கு ஏஜெண்டிடம் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளையும் ஏறும் மூடைகளையும் பார்த்துப் பார்த்துக் கோடு போடும் வேலை. நாலு நேர்கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. வெயிலும் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து என் காகிதத்தைப் பகல் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கும். துறைமுகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, வேலைதான் பெயர். என் பெயர் டேலி. அவர் பெயர் சிக்னல். நாற்பது அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேனை ஓட்டிய அவருடைய மைத்துனர் பெயர் கிரேன். சிக்னல் அண்ணனின் தங்கை செலினைத்தான் கிரேன் கட்டியிருந்தார். இரண்டு பேரும் ஒரே தெருவில், ஒரே கடலில், ஒரே பிரம்படியில் வளர்ந்தவர்கள்.

கிரேன் ஓட்டுபவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. மேலே நிற்கும் சிக்னல்தான் கண். ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டம் போட்டால் தூக்கு. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டினால் நில். சிக்னல் அண்ணனுக்கு மொத்தமே ஒன்பது விரல். இடதுகைச் சுண்டுவிரலை, இளமையில் தோணியில் வேலை பார்த்தபோது ஒரு கயிறு கொண்டுபோய்விட்டது. "பத்து வெரலு இருந்தா பேச்சு கூடிப்போவும் தம்பி. ஒம்பதே அதிகம்" என்பார். அந்த ஒன்பதும் காற்றில் எழுதிய எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு டன் சரக்கு அவர் மணிக்கட்டில் கட்டிய காற்றாடி மாதிரி வரும்.

அப்படிப்பட்டவர்கள் பேச்சை நிறுத்தியது ஒரு முறுக்கால்.

செலின் மாதம் ஒரு முறை அண்ணனுக்கு முறுக்கு சுட்டு அனுப்புவாள். எண்ணிப் பத்து. ஒன்பது விரலுக்கு ஒன்பது, போன விரலுக்கு ஒன்று என்று அவள் கணக்கு. அந்தப் பத்தாவது முறுக்கை அண்ணன் தின்னமாட்டார். ஒரு பையில் போட்டுக் கிரேனின் கொக்கியில் மாட்டிவிடுவார். அது தனியாக, மகாராணி மாதிரி, கூண்டுக்கு ஏறிப்போகும். பொண்டாட்டி சுட்ட முறுக்கு வீட்டிலேயே கிடைக்காதா என்று கிரேனிடம் கேட்டிருக்கிறேன். "வீட்டுல தின்னா அது பலகாரம். இங்கன வந்தாத்தான் முறுக்கு" என்றார்.

அன்றைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆட்கள் மூடைகளைக் கயிற்று வலையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பாதி வலைதான் மாட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "அண்ணே, தங்கச்சி சுட்டது என்ன முறுக்கு, தேங்குழலா, கைமுறுக்கா?"

அவர் கப்பலுக்குள் பார்த்தபடியே, "கைமுறுக்குடே. இப்படி" என்றார்.

அந்த 'இப்படி'க்கு அவருடைய ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. தானாக வட்டம் போட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. செலின் கையில் மாவு எப்படிச் சுருளுமோ அப்படி.

மேலே கிரேன் தூக்கிவிட்டார்.

பாதி மாட்டிய வலை கப்பல் விளிம்பைத் தாண்டி ஆடி ஒரு பக்கம் சரிய, மூடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் குதித்தன. அந்த மாதாவின் கிருபை, ஒருவருக்கும் அடியில்லை. விசாரணை வைத்தார்கள். "நான் சிக்னலே குடுக்கல" என்றார் அண்ணன். அவர் அதை நம்பித்தான் சொன்னார், விரல் சுற்றியது அவருக்கே தெரியாது. "வெரலு சுத்துச்சி, எங் கண்ணால பாத்தேன்" என்றார் கிரேன். அதுவும் நிஜம். இரண்டு நிஜத்துக்கும் நடுவில் நின்ற ஒரே சாட்சி நான். என்னைக் கேட்டார்கள். சரக்கு ஏற்றி இறக்கும்போது சிக்னலிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். வேலை போய்விடும் என்ற பயம் என் நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. "நான் டேலி ஷீட்டப் பாத்துக்கிட்டிருந்தேன் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் கிரேன் சொன்னார், "ஒம் வாயிதான் பொய்யின்னு நெனச்சிருந்தேன் மச்சான். ஒங் கையும் பொய்தானா."

ஒரு சிக்னல்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. அண்ணன் கழுத்தில் கிடந்த மாதா மெடலைப் பிடித்துக்கொண்டார். "இந்தா பாரு. இனிமே ஒங்கிட்ட தமிழ்ல ஒரு சொல்லு பேசினேன்னா எந் நாக்கு அழுகிப்போவட்டும்."

"நானும் பேசமாட்டேன்" என்றார் கிரேன். மெடல் இல்லாத சத்தியம், ஆனால் அதே கனம்.

மறுவாரத்திலிருந்து வேலை நடந்தது. பேச்சில்லை. ஒருவர் உயிர் மற்றவர் விரலில் தொங்க, விரல் மட்டும் பேசியது. செலின் முறுக்கு அனுப்புவதை நிறுத்தினாள். "ரெண்டு கோட்டிக்காரனுவளுக்கும் நான் ஏன் அடுப்புல வேவணும்" என்று கேட்டதாகச் செய்தி வந்தது.

இந்த லட்சணத்தில் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வடக்கே எங்கேயோ பெரிய ஊரில் படித்தவர், எப்போதும் புது ஹெல்மெட் வாசனை அடிக்கும். முந்திரி சமாச்சாரத்தைப் படித்துவிட்டு, இனிமேல் கைச்சைகை மட்டும் போதாது, வாக்கி டாக்கியில் வாயாலும் சொல்லவேண்டும் என்றார். சரக்கு தரையைத் தொட இன்னும் பத்து மீட்டர், ஒன்பது, எட்டு என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் 'நில்' சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார். எனக்கும் ஒன்று, கேட்டுக்கொள்ள மட்டும். மூன்று நாளுக்குள் பேசாவிட்டால் சிக்னலைத் துறைமுக வாசல் கேட்டுக்கு மாற்றிவிடுவேன் என்றும் சொன்னார்.

கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலை. அங்கே அவர் விரலுக்குக் கீழே கிரேன் இருக்காது. அதுதான் அவருக்கு உறைத்தது. "வேற எவனாவது மாப்ளைக்குக் கை காட்டுனா, அவன் எங்கன கொண்டுபோய் மோதுவானோ" என்றார். கோபத்தோடு சொன்ன மாதிரிதான் சொன்னார்.

நேராகப் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். அந்த உரையாடலை எனக்கு அவரே நடித்துக் காட்டினார்.

"சாமி, கைச்சைகை பேச்சா?"

"இல்லப்பா."

"வாக்கி டாக்கி?"

"அது பேச்சுதான். ஏன், நான் ஒன் சத்தியத்த அவுத்துவிடுதேன், போயி மாப்ளையக் கட்டிப்பிடி."

"சத்தியத்த ஒங்ககிட்டயா போட்டேன் சாமி? போட்ட எடத்துலதான் அவுக்கணும். மாதா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா."

"சரி, தமிழ்லதான பேசமாட்டேன்னு சொன்ன. இங்கிலீஷ்ல எண்ணு."

அண்ணன் இதை யோசித்துப் பார்த்திருக்கிறார். "ஒன் டூ த்ரீயெல்லாம் எப்பவோ தமிழாயிருச்சி சாமி. மீன் விக்கவ சொல்லுதா, பஸ் கண்டக்டர் சொல்லுதான். மாதா ஏமாறமாட்டா." சாமியார் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போய்விட்டாராம்.

இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் காலை, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் என் டேலி ஷீட் ஒன்றை வாங்கி, பின்பக்கம் ஒன்பது வரிகள் எழுதினார்.

"அண்ணே, இது என்ன?"

"நம்பரு."

"இத கிரேன் அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தாச்சா?"

"எப்படிலே சொல்லிக் குடுப்பேன், தமிழ்ல பேசக்கூடாதுல்லா."

"அப்ப அவருக்கு எப்படிப் புரியும்?"

அவர் டீயை ஒரு மடக்கில் முடித்தார். "நெல்லு அளக்கும்போது மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்லுதாங்களா? லாபம்னு சொல்லுதாங்க. கேக்கவனுக்குப் புரியலையா? சொல்லுதவனுக்கும் கேக்கவனுக்கும் ஒரே சங்கதி தெரிஞ்சிருந்தா, எந்தச் சொல்லும் நம்பராயிரும் தம்பி. அவனுக்குப் புரியணும். புரியலன்னா அவன் எங்கூட வளந்தவனே இல்ல."

உலகத்து எண்களெல்லாம் எங்கே பிறந்தன என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் அந்த டீக்கடைக்கு வந்திருக்கலாம்.

முதல் சரக்கு உர மூடை. கொக்கி இறங்க ஆரம்பித்தது. பத்து மீட்டருக்கு அவரிடம் சொல் இல்லை. "வெரலு இல்லாத நம்பருக்கு வார்த்தை எதுக்கு" என்று விட்டுவிட்டார். வாக்கி டாக்கியை வாயருகில் வைத்து "க்கும்" என்று ஒரு செருமல். அதுதான் பத்து. பிறகு தொடங்கினார்.

"சர்ரு."

கிரேன் ஒரு நொடி திடுக்கிட்டு நின்றது. சர்ரு என்பது கயிறு ஓடும் சத்தம். அண்ணனின் சுண்டுவிரலைக் கொண்டுபோன கயிறு. அன்று தோணியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கிரேன்தான். மிச்சம் ஒன்பது. கொக்கி மறுபடி இறங்கியது.

"உஃப்."

எட்டு மணி நேர வேலை முடிந்து கரைக்கு நடக்கும்போது விடும் மூச்சு. இது மட்டும் துறைமுகம் முழுக்கப் புரிந்தது.

"யல்தை."

தையல் என்பதைத் திருப்பிப் போட்டது. சின்ன வயதில் அண்ணன் எறிந்த சங்கு கிரேனின் புருவத்தில் பட்டு ஏழு தையல். தமிழ்ச் சொல்லைக் கவிழ்த்தால் அது தமிழ் இல்லை என்று மாதாவிடம் வாதாடி வாங்கியிருந்தார்.

"செலி" என்றார் அடுத்து. குரல் தானாக இறங்கியது. வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவள் செலின். மேலே கூண்டில் அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மூடைகள் பிள்ளையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி இறங்கின. அதன்பிறகு எத்தனையோ கப்பல் பார்த்துவிட்டேன். ஆறாவது மீட்டரில் அந்தக் கிரேன் வேகம் குறையாமல் போனதே இல்லை.

"மக்ரோ."

கிரேன் நின்றது. அசையவில்லை. வலை காற்றில் மெல்லச் சுழன்றது. கீழே நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

மக்ரோவின் கதையை அண்ணன் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார். பத்து வயதில் ஒரு பேக்கரியில் ஐந்து மக்ரூன் திருடியது அண்ணன். மூன்று அவர் தின்று, இரண்டை நண்பனான கிரேனுக்குக் கொடுத்தார். பிடிபட்டபோது வாயில் முந்திரித்தூள் ஒட்டியிருந்தது நண்பனுக்கு. அடி முழுதையும் அவர் வாங்கினார், பெயரைச் சொல்லவில்லை. அதைப்பற்றி அண்ணன் அவரிடம் முப்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஒரு எண்ணாக்கி, ஊர் கேட்கும் பெட்டியில் சொல்லிவிட்டார்.

வாக்கி டாக்கியில் 'டிக்' என்று ஒரு சத்தம். மேலே பொத்தானை அழுத்தி விட்டிருக்கிறார். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். சரக்கு இறங்கியது.

"கிறீச்சி." ஒரே சைக்கிளில் நாலு பேர் சினிமாவுக்குப் போன சத்தம். சத்தம் எந்தப் பாஷைக்கும் சொந்தமில்லை என்பது அண்ணன் கட்சி.

"தோமா."

இப்போது கிரேன் நின்ற நிற்பில் வேறு குணம் இருந்தது. கூண்டுக் கதவு திறந்தது. கிரேன் ஏணியில் கிடுகிடுவென்று இறங்கி வந்தார். அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"ஏ டேலி. அவங்கிட்ட சொல்லு. தோமா வாத்தியார்ட்ட நான் ரெண்டு தடவதான் ஃபெயிலு."

அண்ணன் கடலைப் பார்த்தபடி என்னிடம் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணாம் தடவ ஃபெயிலில்ல. எனக்கு மஞ்சக்காமாலை. பரீட்சையே எழுதல."

மூன்று விரல் இறங்கவில்லை.

"எழுதாதவன் எப்படிலே ஃபெயிலாவான்" என்றார் கிரேன், என்னைப் பார்த்து. நான் என்ன செய்வேன், டேலி ஷீட்டில் கோடு போட்டேன். ஃபோர்மேன் கீழேயிருந்து கத்தினார்: "ஏய், சரக்கு தொங்குதுலே, மூணு மீட்டரா ரெண்டு மீட்டரா, யாராவது சொல்லித் தொலைங்க." கடைசியில் கிரேன் முறைத்துக்கொண்டே ஏறிப்போனார். அண்ணன் விட்ட இடத்திலிருந்து, வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாக, மறுபடி "தோமா" என்றார். சரக்கு ஒரு முழம் கோபமாக இறங்கியது.

"தபுக்கு", பழைய பாலத்திலிருந்து இருவரும் ஒன்றாகக் கடலில் குதிக்கும் சத்தம். எப்போதும் இரண்டு பேர், எப்போதும் ஒரே 'தபுக்கு'. கடைசியில் "பீலு", தெருவில் ஒற்றைப் பல்லோடு திரிந்த பிலோமி அக்காள். பிறகு 'நில்' சொல்லவேண்டிய இடத்தில், "ஆமென்."

ஆமென் கடன் வாங்கிய சொல், கணக்கில் சேராது. அது எபிரேயம் என்று சாமியாரே சொல்லியிருக்கிறாராம்.

பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "இது என்ன லாங்குவேஜ்?" என் நாக்கு ஏற்கெனவே ஒரு பொய்யில் பழகியது. "போர்ச்சுகீஸ் சார். இந்தக் கரையில அந்தக் காலத்துலேர்ந்து இருக்கு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு மாதம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மொசாம்பிக்கிலிருந்து மறுபடி முந்திரிக் கப்பல் வந்தபோது, போர்ச்சுகீஸ் பேசும் ஒரு கப்பல் அதிகாரியைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு முழு எண்ணலைக் கேட்கவைத்தார். அந்த மனிதர் தலையைச் சாய்த்து பக்தியோடு கேட்டார். "கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது" என்றார். நம் அதிகாரி, "பழைய போர்ச்சுகீஸ், அதனால்தான்" என்று அவருக்கே விளக்கினார்.

இப்படி இரண்டு வருஷம். நாளைக்கு நாற்பது தடவை அண்ணன் அந்த ஒன்பது சொற்களைச் சொன்னார். சில நாள் மக்ரோவில் இறைஞ்சினார், சில நாள் தோமாவில் சீண்டினார். மேலேயிருந்து பதில் எப்போதும் ஒன்றுதான். டிக்.

ஒருநாள் டீக்கடையில் கேட்டார்: "தம்பி, டிக் ஒரு வார்த்தையா?"

"இல்லண்ணே."

"ஒருத்தன் மட்டும் பேசினா அது பாஷையா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது இருமல்டே" என்றார்.

அந்த வாரம்தான் தெரிந்தது, கிரேனுக்கு ஓமானில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. விசா வந்தாயிற்று. மாதக் கடைசியில் பயணம். அண்ணன் இதை என்னிடமிருந்துதான் கேட்டார். கேட்டதும், மீதி டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, "அங்கன அவனுக்கு யாரு கை காட்டுவா" என்றார். ஒரு சொல். போவதற்கு முன் மேலேயிருந்து ஒரே ஒரு சொல் வரவேண்டும். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணலுக்குப் பிறகும் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். டிக். டிக்.

அந்த டிக் எனக்குள் எங்கேயோ கேட்டது. இரண்டு வருஷமாக என் டேலி ஷீட்டின் பின்பக்கத்தில் அவருடைய அகராதியை எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மாற்றுக் கருத்துகளோடு. அது ஆர்வம் என்று நினைத்திருந்தேன். பிராயச்சித்தம் என்று அன்றைக்குப் புரிந்தது.

கிரேனின் கடைசி நாள் மதியச் சாப்பாட்டு நேரம், அவர் கூண்டை விட்டு இறங்குவதற்குள் நான் ஏணியில் ஏறினேன். எனக்கு உயரம் ஆகாது. ஒவ்வொரு படியிலும் நான் அறிந்த புனிதர்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். கூண்டில் தலையை நீட்டியதும், மூச்சு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். முறுக்கு என்ன முறுக்கு என்று கேட்டது நான், அவர் விரல் சுற்றியது நிஜம், சுற்றியது அவருக்கே தெரியாது என்பதும் நிஜம், விசாரணையில் நான் பார்க்கவில்லை என்றது பொய்.

கிரேன் லீவரிலிருந்து கையை எடுத்தார். கீழே கடல் வெயிலில் நெளிந்தது.

"அன்னைக்குத் தேங்குழலா, கைமுறுக்கா?"

"கைமுறுக்கு."

"பத்தாவது எங்க?"

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மூடையெல்லாம் விழுந்த களேபரத்துல பொட்டலம் அங்கயே கெடந்துச்சி. பயத்துல நான்தான் தின்னேன் அண்ணே."

"பயத்துல பசிக்குமா ஒனக்கு."

"பசிக்கும்."

"எறங்கு" என்றார். "பிளேடு ஏத்தணும்."

அன்று கடைசிச் சரக்கு காற்றாலை இறக்கை, அதுதான் பிளேடு. ஒரு தெரு நீளம், வெள்ளை, அத்தனை நீளத்துக்கும் ஒரு கீறல் கிடையாது. அதைத் தூக்கும்போது துறைமுகமே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கரையிலிருந்து எழுந்து, கப்பலுக்குமேல் வந்து, எந்தக் கடலிலும் இல்லாத ஒரு மீன் மாதிரி நின்றது. இறங்கத் தொடங்கியது. அண்ணன் பெட்டியை வாயருகே கொண்டுபோனார். செருமுவதற்காகத் தொண்டையைத் தயார்செய்தார்.

அதற்குமுன் பெட்டி பேசியது.

"ருக்கு."

கரகரத்த, துருப்பிடித்த குரல். அண்ணன் வாய் 'என்ன' என்று கேட்கத் திறந்ததை நான் பார்த்தேன். தமிழ் வெளியே வருவதற்குள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலது கை நீண்டு, உள்ளங்கை விரிந்தது. நில். அத்தனை பெரிய இறக்கை ஆடாமல் அசையாமல் நின்றது.

முறுக்கின் தலையைக் கிள்ளிய சொல், பத்தாவது முறுக்கு, பத்து. அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி விரலைப் பார்த்தார். அதைச் சும்மா, தனக்காக, ஒரு வட்டம் சுற்றிப் பார்க்கப் போனவர், சட்டென்று கையை மடக்கிக்கொண்டார். மேலே கிரேன் காத்திருக்கிறதே.

"ருக்கு" என்றார் பெட்டியில்.

"சர்ரு" என்றது மேலேயிருந்து.

"உஃப்."

"யல்தை."

"செலி." இறக்கை வேகம் குறைந்தது.

"மக்ரோ" என்றார் கிரேன். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில், அந்த ஐந்தும் தின்று செரித்து முடிந்துபோயிருந்தன.

"கிறீச்சி."

அடுத்தது கிரேனின் முறை. கப்பல் முழுக்கக் காத்திருந்தது, ஃபோர்மேன் உட்பட. பெட்டியில் ஒரு பெருமூச்சு.

"தோமா."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தபுக்கு, கிரேன் பீலு, இரண்டு பேரும் சேர்ந்து ஆமென். இறக்கை தன் இடத்தில் படுத்தபோது தூசிகூட எழவில்லை.

மறுநாள் கிரேன் ஓமானுக்குப் போனார். அண்ணன் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. தமிழிலும் இல்லை, நம்பரிலும் இல்லை. நான் குறை சொல்லவில்லை. பிறகு நானும் அந்த வேலையை விட்டு, கோடு போடுவதிலிருந்து எழுத்துக்கு வந்தேன்.

மைத்துனர்கள் சமாதானமாகிவிட்டார்கள், ஆனால் சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஓமானிலிருந்து செலின் வீட்டுக்குப் போன் வரும். அண்ணன் அங்கே போய்க் காத்திருப்பார். இருவரும் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவார்கள். ஆமென் சொல்லி வைத்துவிடுவார்கள். "வாரம் பூரா சங்கதி இதுக்குள்ள வந்துருதாம்" என்று செலின் தலையில் அடித்துக்கொள்கிறாள். முறுக்கு மறுபடி சுடுகிறாள்.

போன ஞாயிறு தூத்துக்குடி போனபோது, கூசிக்கொண்டே அந்த வீட்டு வாசலில் நின்றேன். அண்ணன் நாற்காலியைக் காட்டினார். போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டார். 'ருக்கு' வரும் என்று நான் காத்திருந்தேன்.

"டேலி" என்றார் அண்ணன்.

கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்னண்ணே" என்றேன். உள்ளங்கையை விரித்து என்னை நிறுத்தினார்.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அதே சொல் திரும்பி வந்தது, "டேலி." பிறகு ருக்கு. பிறகு சர்ரு. செலின் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வேலைப் பழக்கம், பார்த்ததும் எண்ணிவிட்டேன். பதினொன்று இருந்தது.

அவர்கள் ஆமென் சொல்லும்வரை நான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.